பர்ஹானா தாத்தா பிடித்த பிடி

முதுகுக்குக் கீழே தார் கொதித்தது. நான் மல்லாந்து கிடந்தேன். என்மேல் ஒரு பெரிய உருவம் கவிழ்ந்து, இரண்டு கைகளாலும் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. என் கால்கள் அந்த மனிதரின் இடுப்பைச் சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தன. தலைமாட்டில், தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்று ஹார்ன் அடித்தபடி கடந்தது. அது கிளப்பிய காற்றில் மண்ணும் வெங்காயச் சருகும் என் வாய்க்குள் விழுந்தன.

இதே மாதிரிக் கிடந்துதான் அதற்குக் கொஞ்ச நாளுக்கு முன் கொழும்பில் ஒரு பதக்கம் வாங்கியிருந்தேன். அங்கே கீழே மெத்தை இருந்தது. பக்கத்தில் நடுவர் நின்றார். விளிம்புக் கோட்டைத் தாண்டினால் அவரே நிறுத்தி, எங்களை நடுவில் கொண்டுவந்து விடுவார்.

நாலந்தா பஸ் தரிப்பிடத்தில் இருந்த ஒரே கோடு, வீதி ஓரத்து வெள்ளைக் கோடு. என் தலை அதற்கு அந்தப் பக்கம் கிடந்தது.

“பூட்டக் கழட்டு புள்ள! கால விடு!”

பின்னாலிருந்து கத்தியது பர்ஹானா தாத்தா.

தாத்தா என்றால் அக்கா

தாத்தா என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துவிடாதீர்கள். மாத்தளையில் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பர்ஹானா தாத்தா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளைக்கு, அதாவது கணவருக்கு, பலசரக்குக் கடை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் கராம்பும் ஏலமும் மணக்கும்.

அளந்து பேசுவார். பஸ்ஸில் ஏறினால் என்னை நடைவழிப் பக்கம் உட்காரவைத்து, தான் ஜன்னல் பக்கம் போய்விடுவார். அந்நிய ஆண் ஒருவரின் முழங்கை தன்மேல் படக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். கறுப்பு அபாயாவுக்குள் எப்போதும் ஒரு முழுக் காற்சட்டை இருக்கும். “ஓட வேண்டி வந்தா ஓடணுமே” என்பார், சிரிக்காமல்.

அப்படிப்பட்டவரும் நானும் வாரத்தில் ஒரு நாள் ஒருவரையொருவர் தரையில் உருட்டிப் புரட்டுவோம் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், நானே நம்பியிருக்கமாட்டேன்.

கிழிந்து வந்த கழுத்துப் பட்டிகள்

இந்தத் தொடரில் என் தையல் கடையைப் பற்றி எழுதிய பிறகு, தையல்காரிக்கு எதற்கு மல்யுத்தம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சட்டையைப் பிடித்துத் தரையில் உருண்டு, கையையோ கழுத்தையோ பூட்டி ஜெயிக்கிற அந்த மல்யுத்தமே என் கடையைத் தேடி வந்தது என்பதுதான் பதில்.

ஒரு நாள் நிலூகா என்கிற சிங்களப் பெண் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். மேசையில் கொட்டினார். வெள்ளையும் நீலமுமாகத் தடித்த பருத்திச் சட்டைகள். கான்வாஸ் மாதிரி முரட்டுத் துணி. எல்லாமே கழுத்துப் பட்டியில் கிழிந்திருந்தன. சிலதில் கமக்கட்டுத் தையல் முழுசாக விட்டுப்போயிருந்தது.

நான் றட்டோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழுந்துச் சாக்கு தைத்துப் பழகிய கை என் அம்மாவுடையது. முரட்டுத் துணியைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை. ஆனால் ஒரு சட்டையை அந்த இடத்தில் கிழிக்க என்ன பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

“யாரு மிஸ் இத இப்பிடிக் கிழிச்சது?” என்று கேட்டேன்.

“பொம்பளைங்கதான்” என்றார் நிலூகா மிஸ். “வந்து பாருங்களேன்.”

போனேன். ஹார்ட்வெயார் கடை ஒன்றுக்கு மேல்மாடி. ஜன்னல்களுக்குத் துணித் திரை. பெண்கள் மட்டும். தரை முழுக்க மெத்தை விரித்திருந்தார்கள். வியர்வையும் டெட்டோலும் கலந்த ஒரு வாசம். அங்கே ஒல்லியான தாதி ஒருத்தி, தன்னைவிட ஒன்றரை மடங்கு கனமான ஓர் ஆசிரியையைக் கால்களாலேயே புரட்டிப் போட்டதைப் பார்த்தேன். அடி இல்லை, குத்து இல்லை, சத்தம் இல்லை. ஒரு பெரிய அலமாரியைக் கதவு வழியாகச் சாய்த்து எடுப்பார்களே, அப்படி.

நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். அந்த வியப்பு இன்றுவரை தீரவில்லை. அடுத்த கிழமையே எனக்கும் ஒரு சட்டை தைத்துக்கொண்டேன். கழுத்துப் பட்டியில் மூன்று ஓட்டம் தையல். அது மட்டும் இன்னும் கிழியவில்லை.

பர்ஹானா தாத்தா அதே மாதத்தில்தான் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் மகளைத் தொட வந்த ஒருவனை அவர் குடையால் விரட்டியிருக்கிறார். குடை முறிந்துவிட்டது. “குடை இல்லாட்டி என்ன செய்யுற?” என்று மாப்பிள்ளையே கேட்டு, விசாரித்து, கொண்டுவந்து விட்டாராம்.

வகுப்பில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சிக்கு வீதியும் பஸ்ஸும்தான் முக்கியம். தலைமுடியைப் பிடித்தால் என்ன செய்வது, சுவரோடு அழுத்தினால் எப்படித் தப்புவது, தள்ளிவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது. இன்னொரு கட்சிக்குப் போட்டி. புள்ளி, பதக்கம், எடைப் பிரிவு. நான் இரண்டாவது கட்சி. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு ஜெயிக்கப் பிடித்திருந்தது. இந்த வயதில் யோகா என்ற என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா!

பயிற்சி முடிந்து ப்ளேன்டீ குடிக்கும்போது இரண்டு கட்சிக்கும் வாக்குவாதம் நடக்கும். “நீங்க எல்லாம் படுத்துக்கிட்டுச் சண்ட போடுறீங்க. ரோட்டுல யாரு மெத்த விரிச்சு வச்சிருக்கான்?” என்று தாதி கேட்பாள். “நீங்க பழகுற வித்தைய நெசமாவே எதுக்கிற ஆள்மேல ஒரு தரமாச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?” என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பர்ஹானா தாத்தா இரண்டு கட்சியிலும் சேராமல் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருப்பார்.

நகராததற்குத் தண்டனை

நிலூகா மிஸ் வற்புறுத்தியதில் அவரும் ஒருமுறை கொழும்புப் போட்டிக்கு வந்தார். பெண்கள் பிரிவு. தலையில் இறுக்கமான கறுப்புத் துணிக் குல்லாய், கழுத்துவரை மூடிய உள்சட்டை.

எதிரில் வந்தவள் இருபது வயதுக்காரி. மான் மாதிரித் துள்ளினாள். தாத்தா மெதுவாக, ஆனால் விடாமல், அவளைக் கீழே கொண்டுவந்து அவள் மேல் ஏறி உட்கார்ந்தார். பிறகு நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அந்தப் பெண் தள்ளினாள், நெளிந்தாள், பாலம் மாதிரி இடுப்பைத் தூக்கினாள். தாத்தா அசையவில்லை. ஈரச் சாக்கு மாதிரிக் கிடந்தார்.

“கைய மடக்குங்க! கழுத்துக்குப் போங்க!” என்று நான் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

போட்டியில் ஒரு விதி உண்டு. பிடித்தவர் சும்மா பிடித்துக்கொண்டே இருக்கக்கூடாது. அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். போகாவிட்டால் நடுவர் எச்சரிப்பார், பிறகு தண்டனைப் புள்ளி. தாத்தாவுக்கு எச்சரிக்கை வந்தது. தண்டனை வந்தது. மறுபடியும் வந்தது. கடைசியில் கீழே கிடந்தவளின் கையை நடுவர் தூக்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் தாத்தா நகரல்ல? அவ கை உங்க பக்கத்திலேயே கெடந்துச்சே.”

“மூச்சு திணறிச்சு புள்ள அவளுக்கு” என்றார். “என் காதுகிட்டத்தானே அவ வாய். கொஞ்சம் ஆறட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பதக்கம் வராததைப் பற்றி அவருக்கு ஒரு துளி கவலை இல்லை.

வெயில் ஏறிய சனிக்கிழமை

நாலந்தாவுக்கு வருகிறேன்.

அங்கே ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. “கெடிகே பாத்ததே இல்ல புள்ள, நானும் வாறேன்” என்று தாத்தா கூட வந்தார். பிறந்ததிலிருந்து மாத்தளையில் இருக்கிறவர். அந்தப் பழைய கற்கோயிலுக்கு இன்னும் போனதில்லை. குளம் கட்டியபோது தண்ணீரில் மூழ்காமலிருக்க ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, மேலே கொண்டுவந்து அடுக்கினார்கள் என்று அங்கே நின்ற காவலாளி சொன்னார். தாத்தா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “சீமெந்து இல்லாம எப்பிடி நிக்குது?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு பிரதான வீதிக்கு நடந்து வந்து மாத்தளை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடை, நாலைந்து ஆட்டோ, தம்பிலி இளநீர் விற்கிற ஒருவர்.

தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த ஒரு லொறி ஆடி ஆடி வேகம் குறைந்து, முன் சக்கரம் வீதியோர வடிகாணில் இறங்கி நின்றது. கதவு திறந்தது. அகன்ற தோள்களுள்ள ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். தள்ளாடியபடி நேராக எங்களிடம் வந்தார். கண்கள் என்னைப் பார்த்தன. ஆனால் என்னைக் காணவில்லை. அதை வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சிங்களத்தில் ஏதோ குழறினார். “கொடு... கொடு...” என்பது மட்டும் புரிந்தது. சட்டென்று என் கழுத்துச் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

நான் யோசிக்கவில்லை. உடம்புதான் யோசித்தது. நூற்றுக்கணக்கான தடவை செய்த வேலை. ஒரு காலை அவர் இடுப்பில் வைத்து, நானாகவே கீழே உட்கார்ந்து, அவரை இழுத்து, கால்களைப் பூட்டினேன். போட்டியில் இது அழகான ஆரம்பம். அவர் பாரம் முழுக்க என்மேல் விழுந்தது. பின்மண்டை தாரில் மோதியது. அப்போதுதான் முதலில் சொன்ன அந்த இன்னொரு லொறி ஹார்ன் அடித்தபடி கடந்தது.

தாத்தா சொன்னதும் பூட்டை அவிழ்த்தேன்.

அவர் அந்த மனிதரின் முதுகோடு ஒட்டிக்கொண்டதை நான் கீழே கிடந்தபடி பார்த்தேன். ஒரு கை தோளுக்கு மேலால், மறு கை கமக்கட்டுக்குக் கீழால் வந்து, நெஞ்சின் நடுவில் கோத்துக்கொண்டன. பிறகு தாத்தா தன் உடம்பைப் பின்பக்கமாக உட்காரவிட்டார். இழுக்கவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்தப் பெரிய மனிதர் என்மேலிருந்து உரிந்து அவரோடு போனார்.

வீதியை விட்டு, புல்லைத் தாண்டி, தரிப்பிடத்துச் சுவர்வரை உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனார்கள். சுவரில் தன் முதுகைச் சாய்த்ததும்தான் தாத்தா நின்றார். இனிப் பின்னாலிருந்து யாரும் வர ஏலாது. மெத்தையில் எங்களுக்குச் சுவர் என்று ஒன்றே இல்லை. அதை எந்த நேரத்தில் அவர் யோசித்தார்!

அவர் கால்கள் அந்த மனிதரின் தொடைகளுக்கு மேல் கொக்கி போட்டிருந்தன. அபாயா முழங்கால்வரை சுருண்டிருந்தது. ஆள் திமிறினார். தலையைப் பின்னால் எறிந்தார். தாத்தா தன் கன்னத்தை அவர் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டதால் மூக்கு தப்பியது.

நான் எழுந்து ஓடினேன். “கழுத்தப் பிடிங்க தாத்தா! கழுத்தப் பிடிங்க!”

முன்கையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்தினால், எவ்வளவு பெரிய ஆளும் சில நொடிகளில் மயங்கிவிடுவார். அந்தப் பிடியில்தான் நான் பதக்கம் வாங்கினேன்.

தாத்தா தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

“இவருக்கு என்னமோ செய்யுது யோகா.”

“என்ன தாத்தா?”

“ஒடம்பு ஐஸ் மாதிரி இருக்குது. சட்டையெல்லாம் தெப்பம். இந்த வெயில்ல நடுங்குறாரு பாரு. நெஞ்சு என் கையில அடிக்குது, குருவி அடிக்கிற மாதிரி. சாராய வாசமும் இல்ல.” அவருக்கு மூச்சு வாங்கியது. “எங்க வாப்பாக்குச் சீனி எறங்கினா இப்பிடித்தான். உம்மாவையே அடிக்க வருவாரு. ஓடு, கடையில சீனித் தண்ணி கேளு. ஓடு!”

பொல்லு

ஓட முடியவில்லை. அதற்குள் சனம் வந்துவிட்டது.

பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? ஒருத்தன் ஒரு பெண்ணை வீதியில் தள்ளினான், சட்டையைக் கிழித்தான். இன்னொரு பெண் அவனோடு புரள்கிறாள். “ஹொரா! ஹொரா!” என்று யாரோ கத்தினார்கள். திருடன் என்றால் பிறகு கேள்வியா? கடைப் பக்கமிருந்து ஓடிவந்தார்கள். பஸ்ஸுக்கு வந்தவர்கள், ஆட்டோக்காரர்கள், சைக்கிளில் போனவர்கள். சிங்களத்திலும் தமிழிலும் வசவு. முதல் உதை அந்த மனிதரின் முழங்காலில் விழுந்தது. ஆட்டோக்கார இளைஞன் ஒருவன் தடித்த பொல்லு ஒன்றோடு வந்தான்.

அதற்குள் அந்த மனிதரின் இரண்டு மணிக்கட்டுகளையும் தாத்தா அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். முகத்தை மூடக்கூட அவரால் முடியாது. முகம், நெஞ்சு, வயிறு எல்லாம் அடிப்பவர்களுக்குத் திறந்து கிடந்தன. இறுகப் பிடித்திருந்ததே இப்போது அவருக்கு ஆபத்து.

தாத்தா அதைப் பார்த்தார்.

அடுத்து அவர் செய்ததை எந்த வகுப்பிலும் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பிடியை விட்டார். அந்த மனிதரை ஒரு பக்கமாகச் சரித்து, தன்னுடைய உடம்பைச் சுழற்றி, அவர் மேல் ஏறிக் கவிழ்ந்தார். நெஞ்சோடு நெஞ்சு. இரண்டு முன்கைகளாலும் அவர் தலையைச் சுற்றி அணைத்து, தன் முகத்தை அதற்கு மேல் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஓர் ஆணின் முழங்கை படாமல் ஜன்னலோரம் ஒதுங்குகிறவர். நடு ஊரில், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, பெயர் தெரியாத ஒரு மனிதருக்குக் கூரையாகக் கிடந்தார்.

ஓங்கிய பொல்லை அந்த இளைஞனால் நிறுத்த முடியவில்லை. அது தாத்தாவின் முதுகில் விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம்.

நான் கைகளை விரித்துக்கொண்டு நடுவில் பாய்ந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஆனால் தாத்தாவின் குரல் நினைவிருக்கிறது. தலையை மட்டும் நிமிர்த்தி, சிங்களத்தில், கத்தாமல், கடையில் சாமான் கேட்பவரிடம் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னார்:

“கஹன்ன எப்பா. மேயா லெடெக்.”

அடிக்காதீர்கள், இவர் ஒரு நோயாளி.

ஒருவரும் அசையவில்லை. பொல்லு அந்த இளைஞன் கையிலிருந்து எப்போது விழுந்ததென்று நான் பார்க்கவில்லை. தாத்தா மறுபடியும் அதையே சொன்னார். பிறகு, “சீனி கொண்டு வாங்க” என்றார்.

கண்ணுக்குள் வந்த ஆள்

தேத்தண்ணிக் கடைக்காரம்மா சீனிப் போத்தலையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தண்ணீரில் கரைத்தோம். தாத்தா அந்த மனிதரை நிமிர்த்தி உட்காரவைத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் கிளாஸைப் பிடித்தேன். அவர் பற்கள் கிளாஸில் தட்டித் தட்டி ஒலித்தன. பாதி அவர் சட்டையில் சிந்தியது. “மெல்ல, மெல்ல. விழுங்குங்க” என்று தாத்தா அவர் காதில் சொல்லிக்கொண்டேயிருந்தார். தமிழிலா சிங்களத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இரண்டாவது கிளாஸும் முடிந்தது. யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அடிக்க வந்த கூட்டம் இப்போது நிழல் தர நின்றது. ஒருவர் குடை பிடித்தார். தம்பிலிக்காரர் தன் தொப்பியால் விசிறினார்.

கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்களுக்குள் ஆள் வந்தார். அதுவரை காலியாக இருந்த வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி. சுற்றிப் பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார். வெட்கப்பட்டு விலகி உட்காரப் பார்த்தார்.

“என் லொறி?” என்பதுதான் முதல் கேள்வி.

பெயர் சுனில் என்றார். நுவரெலியாப் பக்கத்திலிருந்து தம்புள்ளைச் சந்தைக்குக் கரட் ஏற்றிவந்து, இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். சீனி வருத்தத்துக்கு விடியற்காலை ஊசி போட்டவர், சந்தை நெருக்கடியில் ஒரு துண்டு பாண்கூடச் சாப்பிடவில்லை. நாவுலையைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

லொறியின் இயந்திரம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆட்டோக்காரர் போய் நிறுத்தினார். இறங்காமல் இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சுனில் என் கிழிந்த கழுத்துச் சட்டையைப் பார்த்தார். “நான் செய்ததா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“தைச்சிடலாம்” என்றேன் நானும் சிங்களத்தில். “நான் தையல்காரிதான்.”

அந்தப் பெரிய மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பொல்லோடு வந்த இளைஞன் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு தாத்தாவின் முன் வந்து நின்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. “அக்கே...” என்று மட்டும் சொல்லி அதை நீட்டினான். தாத்தா போத்தலை வாங்கினார். முதலில் சுனிலுக்குக் கொடுத்தார். பிறகு தான் குடித்தார். “ஆம்புலன்ஸ் வாற வரைக்கும் இவர் பக்கத்துல இரு மகன்” என்றார். அவன் உடனே உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் வந்ததும் அவனே கூட ஏறிப் போனான்.

எங்களுக்கு பஸ் வந்தது. ஏறியதும் தாத்தா வீட்டுக்கு போன் எடுத்தார். “பஸ் பிந்திட்டுது. பிள்ளைகளுக்குச் சோத்தப் போட்டுக் குடுங்க” என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“பயந்துட்டேன் யோகா” என்றார். “செத்துப் போவாருன்னு பயந்துட்டேன்.”

தன்னைப் பற்றியல்ல அந்தப் பயம். மாத்தளை வரும்வரை நான் அந்தக் கைகளை விடவில்லை.

மேல்மாடியில்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார்.

நான் அதற்குள் எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தேன். தாதி வாய் மூடாமல் கேட்டாள். “பாத்தீங்களா, நான் சொல்லல்ல? ரோட்டு வேற, போட்டி வேற” என்றாள். நிலூகா மிஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“அந்த மனுசன் எவ்வளவு திமிறியிருப்பாரு?” என்று கேட்டார். “ஒவ்வொரு கிழமையும் நீங்க எல்லாரும் நெசமாவே திமிறித்தானே அவங்க பிடிக்கப் பழகினாங்க? போட்டி இல்லாட்டி நீங்க அப்பிடித் திமிறுவீங்களா?”

அதுவும் உண்மைதான். நானே எத்தனை தடவை அந்த நெஞ்சுக்கடியில் கிடந்து நெளிந்திருக்கிறேன். ஆனால் பிடிக்கத் தெரிவது ஒன்று. பிடித்தபின் கைக்குள் இருப்பவரை உணர்வது வேறொன்று. எதிராளி என்று நான் பார்த்த உடம்பில், குளிரையும் நடுக்கத்தையும் அவர் கை கேட்டது. அதை எந்த மெத்தையில் போய்ப் பழகுவது என்று எனக்கு இன்றும் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் மலைத்துப்போய் நிற்கிறேன்.

உடை மாற்றும் அறையில் தாத்தா சட்டையைக் கழற்றியபோதுதான் எல்லாரும் அதைப் பார்த்தோம். இடது தோளுக்குக் கீழிருந்து முதுகுக்குக் குறுக்கே, கருநீலமாக, ஓரத்தில் சிவந்து, ஒரு பொல்லின் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. தாதி கிட்டப் போய் விரல் நுனியால் மெல்லத் தொட்டாள்.

“யா அல்லாஹ், மெதுவா” என்றார் தாத்தா.

“ஒங்களுக்கு இப்பிடி அடிச்சவன சும்மாவா விட்டீங்க?” என்று அவள் கேட்டாள். கண்ணில் தண்ணீர்.

தாத்தா திரும்பி அவளைப் பார்த்தார். கேள்வி விளங்காதவர் மாதிரி.

“எனக்கு ஒருத்தரும் அடிக்கல்லையே புள்ள. நான்தான் குறுக்க இருந்தேன்.”

பிறகு சட்டையைப் போட்டு, இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெத்தைக்கு நடந்தார்.